க்ளெமென்ஸ் தொங்கவிட்ட மான்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. அடுப்புப் பக்கம் இடம் இருக்கிறது, நெருக்கி உட்காருங்கள். ஈரக் காலுறைகளைக் கழற்றி அந்தக் கம்பியில் போடுங்கள், காயட்டும். ஒரு கதை சொல்கிறேன் என்று போன வாரமே வாக்குக் கொடுத்தேன், மறக்கவில்லை. வீரக்கதை ஒன்றும் இல்லை. களைத்துப்போன ஓர் அண்ணன், அவனைவிடக் களைத்துப்போன ஒரு தங்கை, அவளுடைய ஆப்பிள் கன்றுகள், ஊரே பேர் வைத்துக் கொண்டாடிய ஒரு மான். இவ்வளவுதான் கதை.

மிச்சிகனின் வடக்கே எங்கள் ஊர். உருளைக்கிழங்கு, ஆப்பிள், நவம்பர் வந்தால் மான். அண்ணன் பெயர் க்ளெமென்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவன். தங்கை லியோனா. யூஜின் என்பவனைக் கட்டிக்கொண்டு, அண்ணன் நிலத்துக்கு அடுத்த நிலத்திலேயே குடித்தனம் நடத்தியவள். இருவரும் எனக்கு இளையவர்கள். அதனால் அவன் இவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

முதலில் க்ளெமென்ஸ் போட்ட விதியைச் சொல்ல வேண்டும். நவம்பர் பதினைந்தாம் தேதி எங்களுக்கு வேட்டை தொடங்கும். அன்று பள்ளிக்கூடம் கிடையாது. மாதா கோயில் பூசைகூட விடிவதற்கு முன்பே முடிந்துவிடும். சாயங்காலம் பெட்ரோல் பங்குக்கு எதிரே உள்ள மைதானத்தில், இரண்டு தூண்களின் மேல் குறுக்கே கிடத்திய நீள மரத்தில், அவரவர் சுட்ட கொம்பன் மானைக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். மான் கம்பம் என்போம். ஊரே சுற்றி நின்று பார்க்கும். பெட்டை மானைச் சுட்டவன் அந்தப் பக்கம் வரமாட்டான். பிக்கப் வண்டியில் கித்தானைப் போட்டு மூடி, கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவான். யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் மாட்டார்கள்.

ஒரு காலத்தில் அந்தக் கம்பத்தில் தொங்கியதெல்லாம் சின்னப் பையன் மீசை மாதிரி கொம்புகள். ஒன்றரை வயதுக் குட்டிகள். தலையில் குச்சி முளைத்த உடனே சுட்டுவிடுவார்கள், அப்புறம் பெரிய கொம்பு எங்கிருந்து வரும்? க்ளெமென்ஸ்தான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான். "ஒரு பக்கத்துக் கொம்புல நாலு முனை இல்லாத மானைச் சுடமாட்டேன்னு கையைக் குடு" என்று கேட்டான். அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை. எங்கள் சாலையில் உள்ளவர்கள் தங்களுக்குள் கைகொடுத்துக்கொண்ட ஒப்பந்தம்.

முதல் இரண்டு வருடம் கம்பம் வெறிச்சோடிக் கிடந்தது. அவனைத் திட்டாத ஆள் இல்லை. ஆலைக்காரன் நோர்பெர்ட் அவன் முகத்தைப் பார்த்தே பேசமாட்டான். மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தவன், வாயும் அந்த ரம்பம் மாதிரிதான். அப்புறம் கொம்புகள் வர ஆரம்பித்தன. அகலமாக, கனமாக, பழைய புகைப்படங்களில் மட்டுமே பார்த்த கொம்புகள். நோர்பெர்ட் ஒன்றைத் தொங்கவிட்ட அன்று க்ளெமென்ஸைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். பக்கத்து வட்டாரத்திலிருந்தெல்லாம் எங்கள் கம்பத்தைப் பார்க்க வந்தார்கள்.

சரி, விதி ஜெயித்தது. ஆனால் பெட்டைகளைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. இவர்களுடைய அப்பாக்களின் காலத்தில் மானே அருகிப்போய், மண்ணில் ஒரு குளம்புத் தடம் கண்டால்கூட ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்துப் பேசுவார்களாம். அதனால் அந்த அப்பாக்கள் பிள்ளைகளிடம் துப்பாக்கியைக் கொடுக்கும்போதே பெட்டையைச் சுடமாட்டேன் என்று சொல்ல வைத்தார்கள். பிள்ளைகளும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள். ஆக, சின்னக் கொம்பன்களை விதிக்காக விட்டார்கள். பெட்டைகளை அப்பாவுக்காக விட்டார்கள். மான் பெருகாமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள். காட்டுக்குள் போய்ப் பார்த்தால், மான் வாய் எட்டும் நெஞ்சுயரத்தில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி ஒரு கோடு. அதற்குக் கீழே ஓர் இலை, ஒரு தளிர் இல்லை.

காட்டில் தீர்ந்ததும் மான்கள் எங்கே போகும்? லியோனாவின் தோட்டத்துக்குப் போகும்.

அவள் புருஷன் யூஜின் பழைய ஆப்பிள் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டான். நட்ட மறு வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். பனிக்காலம் முழுக்க மான்கள் வந்து கிளை நுனிகளைக் கடித்துத் தின்றன. செத்த கன்றுகளைப் பிடுங்கிவிட்டு அவள் ஒற்றை ஆளாகத் திரும்ப நட்டாள். அதையும் தின்றன. வேலி போடலாமே என்பீர்கள். அவ்வளவு பெரிய நிலத்தைச் சுற்றி மான் தாண்டாத உயரத்துக்கு வேலி போட எங்கே போவாள்? ஒவ்வொரு கன்றுக்கும் கம்பி வலைக் கூண்டு கட்டிப் பார்த்தாள். பனி குவிந்து குவிந்து தரை உயர்ந்தபோது மான்கள் அதன் மேலே ஏறி நின்று, கூண்டுக்கு மேலிருந்து கழுத்தை நீட்டித் தின்றன. அந்த வாசனைக்கு மான் அண்டாது என்று சோப்புக்கட்டி தொங்கவிட்டாள். அதை நக்கிவிட்டுத் தின்றன.

லான்சிங் நகரத்தில் இருக்கும் மகள் ஜோலீன் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, "வித்துட்டு வந்துடும்மா. எங்க கட்டடத்துலயே கீழ ஒரு வீடு காலியா இருக்கு" என்பாள். கடைசியில் லியோனா ஒப்புக்கொண்டாள். "இந்த ஒரு பனிக்காலம் பார்க்கிறேன். கன்னு பாதிக்கு மேல பொழச்சா இருக்கேன். இல்லைன்னா வசந்தத்துல வித்துட்டு வர்றேன்." என்னிடமும் இதையேதான் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாதவள் மாதிரி இருந்தாள்.

செப்டம்பர் மாதம் மாதா கோயில் கூடத்தில் எல்லோரும் கூடி, கையைத் தூக்கி விதியைப் புதுப்பிப்பது வழக்கம். காபி ஊற்றுவது என் வேலை. அந்த வருடம் கையைத் தூக்கச் சொல்லும் முன்பே லியோனா எழுந்தாள்.

"கை தூக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்த வருஷம் என் நிலத்துல கொம்பனைச் சுடணும்னா முதல்ல ஒரு பெட்டையைச் சுட்டு எனக்குக் காட்டணும். முடியாதுன்னா கேட்டுக்கு அந்தாண்டயே நின்னுக்குங்க."

 நோர்பெர்ட்தான் ஆரம்பித்தான்.

"ஏக்கா, முதல்ல பெட்டை, அப்புறம் கொம்பனா? இது என்ன வேட்டையா, கல்யாணத் தரகா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிப்பா. நல்லா சிரி. கொம்பனை விட்டு வளர்த்தீங்க, நான் வேணாங்கல. கொம்பனா குட்டி போடுது? குட்டி போடுறது எது?"

"அப்பா காலத்துப் பழக்கம்கா அது. பெட்டையைச் சுட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட கம்பத்துப் பக்கம் போறது?"

"இந்த மூஞ்சியோடதான். இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

இந்தத் தடவை அவன் பெண்டாட்டி டெல்பின்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோர்பெர்ட்டுக்குக் காது சிவந்துவிட்டது. "சரிக்கா, ஒண்ணு கேக்குறேன். இந்தச் சட்டம் உங்க அண்ணனுக்கும் சேர்த்தா?"

"அண்ணனுக்குத்தான் முதல்ல" என்றாள் லியோனா.

எல்லோரும் திரும்பி க்ளெமென்ஸைப் பார்த்தார்கள். ஏனென்றால் பிஷப்பைப் பற்றி ஊருக்கே தெரியும். லியோனாவின் தோட்டத்து ஓரத்தில், சதுப்புக் காட்டில் குடியிருந்த கொம்பன் அது. கொம்புகள் இரண்டும் அகலமாக விரியாமல் நெட்டுக்குத்தாக உயர்ந்து, மேலே போய் ஒன்றையொன்று பார்த்து வளையும். பிஷப் தலையில் வைக்கும் நீளத் தொப்பி மாதிரியே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். க்ளெமென்ஸ் அதைக் குச்சிக்கொம்பாக இருந்த நாளிலிருந்து பார்த்து வருகிறான். நாலு முனை வந்த பிறகும் சுடவில்லை. இன்னும் வளரட்டும், இன்னும் வளரட்டும் என்று வருடா வருடம் துப்பாக்கியைத் தாழ்த்தினான். அந்த வருடம்தான் அவன் நாள் குறித்திருந்தான்.

 காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். விதியைப் புதுப்பிக்கக் கை தூக்கச் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து தூக்கினான், அவ்வளவுதான்.

வேட்டைக்கு முந்தின சாயங்காலம் அவன் லியோனா வீட்டுக்கு வந்தான். பீட்ரூட் சூப்பும் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையும் செய்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் க்ளெமென்ஸ் ஆரம்பித்தான்.

"முட்டி ரெண்டும் இந்த வருஷத்தோட சரிங்குது. அடுத்த வருஷம் என்னால பரண் ஏற முடியாது லியோனா."

"தெரியும்ணே."

"நாலு வருஷமா பிஷப்பைப் பார்த்துட்டே வர்றேன்."

"நானும்தான் பார்த்துட்டே வர்றேன். என் சமையலறை ஜன்னல்லேர்ந்து. அவனும் அவன் குடும்பமும் சாப்பிடுறதை."

"அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். உனக்குத் தெரியாதா?"

லியோனா சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "அப்பா இருந்தப்ப மான் இல்ல. இப்ப அப்பா இல்ல, மான் இருக்கு. நான் வேற என்னண்ணே சொல்றது? எனக்கு அசதியா இருக்கு."

"எனக்கும்தான்" என்றான் அவன். மிச்சக் கொழுக்கட்டையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். பரணில் உட்கார்ந்து சாப்பிட.

அடுத்த நாள் நடந்ததை க்ளெமென்ஸே பிற்பாடு என்னிடம் சொன்னான். அவன் பரண் தோட்டத்துக் கோடியில், சதுப்புக் காட்டைப் பார்த்தபடி ஒரு மேப்பிள் மரத்தில் இருந்தது. விடியும் முன்பே ஏறிவிட்டான். ஏறுவதற்குள் முட்டி இரண்டும் கெஞ்சிவிட்டன. வெளிச்சம் வந்ததும் பெட்டைகள் வரிசையாக வந்தன. அவன் துப்பாக்கியைத் தூக்கினான். குறி பார்த்தான். விரல் அசையவில்லை. அவை நிதானமாக மேய்ந்துவிட்டுப் போயின.

அவை போன கொஞ்ச நேரத்தில் பிஷப் வந்தது. கல்லெறி தூரம்கூட இல்லை. வந்து, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நின்ற ஆப்பிள் மரத்திடம் போய்த் தலையைச் சாய்த்தது. யூஜின் முதல் தடவை நட்டதில் தப்பிப் பிழைத்த ஒரே மரம் அது, மணிக்கட்டுக் கனத்துக்கு வளர்ந்திருந்தது. கொம்பன்கள் அந்தப் பருவத்தில் மரத்தில் கொம்பைத் தேய்க்கும், உங்களுக்குத் தெரியும். பிஷப் தேய்க்கத் தேய்க்க பட்டை நாடா நாடாவாகக் கிழிந்து தொங்கியது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனது. பட்டை சுற்றிவர உரிந்துபோனால் அந்த மரம் பிழைக்காது. க்ளெமென்ஸ் மடியில் துப்பாக்கியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டையைச் சுடாததால் இதைச் சுட உரிமை இல்லை. தங்கைக்குக் கொடுத்த மரியாதை அது. சத்தம் காட்டாமல், மூச்சைக்கூட மெல்ல விட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிஷப் வேலையை முடித்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் மேகம் மூடிப் பனி தூவியது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் காட்டிலிருந்து தனியாக ஒரு மான் வெளியே வந்தது. தலையில் கொம்பு இல்லை. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு மான் இல்லாததால் பெரிதாகத்தான் தெரிந்தது. பயமில்லாமல் நேராகக் கன்றுகளை நோக்கி நடந்தது. க்ளெமென்ஸ் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். சுட்டான்.

இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றபோதுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. மண்டியிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்தான்.

லியோனா வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுவந்தபோது அவள் ஸ்வெட்டரோடு வெளியே வந்தாள்.

"சுட்டுட்டியாண்ணே?" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு குனிந்து பார்த்து, "என்ன, இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றாள்.

"காதுக்கு நடுவுல கை வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் இரண்டு கோலிக்குண்டு மாதிரி இரண்டு குமிழ். அந்த வசந்தத்தில் பிறந்த ஆண்குட்டி. அடுத்த வருடம் குச்சிக்கொம்பு முளைக்க வேண்டியது.

அவள் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. "கொம்பு வெளிய வரலியே. அரசாங்கச் சட்டப்படி இது பெட்டைக் கணக்குலதான் வரும்" என்றாள் மெதுவாக.

"சட்டப்படி வரும்."

"அப்ப நீ போய் உன் பிஷப்பைச் சுடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். போதும்ணே."

"நீ கேட்டது பெட்டை. இது பெட்டை இல்ல. இந்த மாதிரிக் குட்டிங்க வளரட்டும்னுதான் ஊர்க்காரன் எல்லார் கையையும் கட்டிப்போட்டேன். நானே சுட்டிருக்கேன்." அவன் படியில் உட்கார்ந்துகொண்டான். "இன்னொண்ணும் இருக்கு லியோனா. மூணாவது வரிசை ஓரத்துல இருக்கிற யூஜின் மரம் போச்சு. பிஷப் உரிச்சுட்டான். சுத்தி உரிச்சுட்டான்."

"நீ பார்த்தியா?"

"பார்த்துட்டே இருந்தேன்."

லியோனா நிமிர்ந்தாள். "பார்த்துட்டே இருந்தியா? சுட வேணாம், சரி. ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல? கையைத் தட்டியிருக்கலாம்ல? தொப்பியை விட்டெறிஞ்சிருந்தாக்கூட ஓடியிருக்குமேண்ணே!"

 பரணில் உட்கார்ந்தால் சத்தம் போடக் கூடாது. ஏழு வயதில் க்ளெமென்ஸுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது. தும்மல் வந்தால்கூடக் கையுறையைக் கடித்து அடக்குகிறவன் அவன்.

"தோணவே இல்ல லியோனா" என்றான். "சத்தியமா தோணவே இல்ல."

அவள் அவனைத் திட்டவில்லை. உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. க்ளெமென்ஸ் படியிலிருந்து எழுந்தான். பிறகு குட்டியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

கம்பத்தில் அந்த வருடம் நல்ல வரிசை. கண்ணைப் பறிக்கிற கொம்புகள். நோர்பெர்ட் தன் கொம்பன் பக்கத்தில் நின்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சுட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். க்ளெமென்ஸ் வண்டியை நிறுத்தியதும், பிஷப் வந்துவிட்டது என்று கூட்டம் அவனைச் சூழ்ந்தது. அவன் கித்தானை விலக்கினான். குட்டியை இறக்கினான். கம்பத்தின் கோடியில் ஒரு கயிற்றைப் போட்டு, யாரிடமும் உதவி கேட்காமல் தூக்கிக் கட்டினான். பெரிய கொம்பன்கள் எல்லாம் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்க, அது மட்டும் அந்தரத்தில் ஆடியது.

"என்னப்பா இது, முயலா?" என்றான் நோர்பெர்ட்.

"கிட்ட வந்து தொட்டுப் பாரு."

"ஒரு பக்கத்துக்கு எத்தனை முனை?"

"ஒண்ணும் இல்ல. மொட்டு மட்டும்தான்."

நோர்பெர்ட் தொட்டுப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "யோவ், ஆண்குட்டியா? விதி போட்ட மகாராசன் நீயேவா? பெட்டையைக்கூடக் கித்தான் போட்டு மூடிக்கிட்டுப் போவாங்க. இதைப் போய்க் கம்பத்துல தொங்கவிட்டிருக்கே. இறக்குய்யா, அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும். நான் இங்கயேதான் நிப்பேன். யார் வேணா கேக்கட்டும்."

நின்றான். முட்டி வலியில் ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றான். வந்தவர்கள் எல்லாம் அந்தக் குட்டியைப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றான். பெட்டை என்று நினைத்தேன் என்றான். சிலர் சிரித்தார்கள், சிலர் தோளைத் தட்டினார்கள். கோயில் கூடத்திலேயே வாயைத் திறக்காதவன் அங்கேதான் பேசினான், அதுவும் நோர்பெர்ட்டைப் பார்த்து, சத்தம் உயராமல்.

"நம்ம விதி மேல தப்பு இல்ல நோர்பெர்ட். கொம்பு வளரணும்னு கேட்டோம். வளர்த்துக் குடுத்துடுச்சு. காடு வேணும், தோட்டம் வேணும்னு நாம கேக்கவே இல்ல. கொம்பையே எண்ணிட்டு இருந்ததுல பெட்டைக்கும் குட்டிக்கும் வித்தியாசம் பார்க்கக்கூட நமக்குத் தெரியல. எனக்குத் தெரியல. என் தங்கச்சி இந்த வசந்தத்துல வீட்டை விக்கப் போறா. அவ போனதுக்கப்புறம் நான் யார் வீட்டுல சூப் குடிக்கிறது?"

 நோர்பெர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அதுக்காக அப்பா சொன்னதை..." என்று இழுத்தான்.

அவன் பெண்டாட்டி டெல்பின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா அப்பான்னு சொல்றியே, உங்கப்பா வீட்டுக்குக் கறி கொண்டுவந்தாரு. நீ பத்து வருஷமா கொம்பு கொண்டுவர்றே. சுவத்துல ஆணி அடிக்க இடம் இல்ல. கொம்பை வேகவெச்சா குழம்பு வருமா? துப்பாக்கியைக் குடு, நாளைக்கு லியோனா நிலத்துக்கு நான் போறேன். பெட்டையைச் சுட்டு இதே கம்பத்துல தொங்கவிடுறேன். நீ வேணும்னா கண்ணை மூடிக்கோ."

போனாள். சுட்டாள். நல்ல வளர்ந்த பெட்டை. ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து, கூட நின்ற மான்களோடு அளவு ஒப்பிட்டு, முகத்தின் நீளம் பார்த்துச் சுட்டாள். க்ளெமென்ஸின் குட்டிக்குப் பக்கத்தில் கட்டினாள். எங்கள் கம்பத்தில் பெட்டை ஏறியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஊரே திருந்திவிட்டது என்று சொன்னால் பொய். பாதிப் பேர் அந்தக் கோடிப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் கோயில் பூசையில், பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில், டெல்பினுக்குக் கை கொடுக்கவில்லை. ஆனால் வெட்கத்தோடோ வீம்போடோ சிலர் லியோனாவின் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். நோர்பெர்ட்கூடக் கடைசியில் வந்தான். "எனக்கு இன்னொரு கொம்பன் வேணும், அதுக்காகத்தான்" என்று கேட்காமலே சொன்னான். லியோனா அவனுக்கும் காபி கொடுத்தாள்.

க்ளெமென்ஸ் வேட்டைக் காலம் முடியும் தறுவாயில் ஒரு கிழப் பெட்டையைச் சுட்டான். அதைப் பற்றி அவன் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. சுட்டபின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பனியில் நின்றேன் என்று மட்டும் சொன்னான். மனசுக்குள் அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலக்கா. குளிருதுன்னு வீட்டுக்கு வந்துட்டேன்" என்றான்.

இனிமேல் பிஷப்பைச் சுட அவனுக்கு உரிமை உண்டு. மீதி இருந்த காலையெல்லாம் ஏறி உட்கார்ந்தான். பிஷப் வரவே இல்லை.

பனிக்காலம் வழக்கம் போல நீளமாக இருந்தது. லியோனா ஜன்னல் பக்கமே போகவில்லை. எண்ண வேண்டாம், பார்க்க வேண்டாம், எது மிஞ்சுகிறதோ மிஞ்சட்டும் என்று திரையைப் போட்டுவிட்டாள். ஜோலீன் போன் செய்தால் "பனி இன்னும் இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள்.

பனி கரைந்து, தோட்டத்தில் நடந்தால் பூட்ஸ் சேற்றில் புதையும் அளவுக்கு நிலம் இளகிய பிறகு, அண்ணனும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். ஒவ்வொரு கன்றிலும் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் போயிற்று. முதல் வரிசையில் நிறையப் பழுப்பு. லியோனா கீறிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இரண்டாவது வரிசையில் ஒன்று விட்டு ஒன்று. காட்டுப் பக்கம் போகப் போக மோசமாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அங்கேதான் பெட்டைகளைச் சுட்டிருந்தார்கள். பச்சை. அடுத்ததும் பச்சை. அவள் கை கொஞ்சம் வேகமாக நகர ஆரம்பித்தது. கடைசி வரிசை முடியும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தன. நிறைய மேலே இல்லை, கொஞ்சம்தான் மேலே. ஆனால் மேலே.

"அண்ணே" என்றாள்.

க்ளெமென்ஸ் மூன்றாவது வரிசை ஓரத்தில் யூஜினின் மரத்தடியில் குனிந்து நின்றான். மரம் செத்துத்தான் போயிருந்தது. அதன் அடியில், போன வருடத்துப் புல்லில், ஒற்றைக் கொம்பு ஒன்று கிடந்தது. கொம்பன்கள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் கொம்பைத் தானாகவே உதிர்த்துவிடும். நெட்டுக்குத்தாக உயர்ந்து, நுனி உள்ளே வளைந்த கொம்பு. இன்னொன்று எங்கே விழுந்ததோ.

அவன் அதைப் புரட்டிப் பார்த்தான். முனைகளை எண்ணவில்லை. "யாரும் சுடாமலே கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றான். தங்கையிடம் நீட்டினான்.

"எனக்கு எதுக்குண்ணே?"

"கன்னு கட்டுற கயிறு சுத்தி வைக்க உனக்கு ஏதாவது வேணுமே."

இப்போதும் அவள் கொட்டகைச் சுவரில் அது இருக்கிறது, சணல் கயிறு சுற்றியபடி. அன்று சாயங்காலம் லியோனா மகளுக்குப் போன் செய்து, கீழ் வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொன்னாள். ஜோலீன் கோபித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். பிறகு, ஆப்பிள் எந்த வருஷம் காய்க்கும் என்று கேட்டாள்.

விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த செப்டம்பரில் காபி ஊற்றினேன், கைகள் தூக்கப்பட்டன, நாலு முனை விதி அப்படியே நின்றது. அதோடு, ஒவ்வொருவரும் முதலில் ஒரு பெட்டை என்று சேர்த்தார்கள். கொஞ்சம் பேர் அதற்காகவே ஒப்பந்தத்திலிருந்து விலகிப் போனார்கள். கொம்பு விதியால் மந்தைக்கு நல்லதா என்று க்ளெமென்ஸிடம் யாராவது கேட்டால், "நல்லதுதான். ஆனா அதை மட்டும் போட்டுட்டுத் தூங்கப் போயிடக் கூடாது" என்பான். அவன் இப்போது பரண் ஏறுவதில்லை. தங்கை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தோட்டத்துக்குள் மான் வந்தால் கதவைத் திறந்து, தொண்டை கிழியக் கத்துகிறான். ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

அவ்வளவுதான் கண்ணுகளா. காலுறை காய்ந்திருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நட்டதெல்லாம் கீறிப் பார்க்கும்போது பச்சையாக இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சட்டியில் சூப்பு குறையாமல் இருக்கட்டும், அதைக் குடிக்க வரும் உறவும் குறையாமல் இருக்கட்டும். பத்திரமாகப் போங்கள், வழியில் பனி வழுக்கும்.